யாருக்கும் சொந்தமில்லாத தீவுகள்

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். வருடத்தின் நாளுக்கு ஒரு படி என்பார்கள். ஆனால் வட துருவத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஏப்ரல் 20 வாக்கில் இருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. அக்டோபர் கடைசியில் மறைந்தால் மறுபடி பிப்ரவரியில்தான் தலைகாட்டும்!

ஆனாலும் இரண்டு ஊருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. "இந்த மண் யாருடையது?" என்ற கேள்வி. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்தது. இங்கே ஒரே மண்ணுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டார்கள். ஸ்வால்பார்டிலோ முந்நூறு வருடங்களுக்கு மேல் எல்லோரும் ஒப்புக்கொண்ட சொந்தக்காரரே கிடையாது.

1596-ல் டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் அந்தத் தீவுகளைப் பார்த்தார். கூர்கூரான மலைகளாக இருந்ததால் 'ஸ்பிட்ஸ்பெர்கன்' என்று பெயர் வந்தது. அங்கே திமிங்கிலங்கள் ஏராளம் என்ற செய்தி பரவியதும் இங்கிலாந்து, ஹாலந்து என்று ஐரோப்பியக் கப்பல்கள் ஓடின. டச்சுக்காரர்கள் கரையிலேயே பெரிய அடுப்புகளைக் கட்டி, திமிங்கிலக் கொழுப்பை உருக்கி எண்ணெய் எடுத்தார்கள். அந்த இடத்தின் பெயரே ஸ்மீரென்பர்க், அதாவது 'கொழுப்பு ஊர்'. கேட்க யாரும் இல்லாத இடத்தில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அந்தக் கடலில் திமிங்கிலம் அநேகமாக அற்றுப்போனது. அடுத்து தந்தத்துக்காக வால்ரஸ்கள். 1952-ல் தடை வந்தபோது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தன. பனிக்கரடிக்கு 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறகு நிலக்கரி. 1906-ல் அமெரிக்கர் ஜான் லாங்இயர் சுரங்கம் தொடங்கிய இடம்தான் இன்றைய தலைநகர் லாங்இயர்பியென். சுரங்கம் என்று வந்துவிட்டால் பட்டா வேண்டுமே! கடைசியில் 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் நார்வேக்கு. ஆனால் கையெழுத்துப் போட்ட எல்லா நாட்டு மக்களுக்கும் அங்கே தொழில் செய்ய சம உரிமை. போர்க் காரியங்களுக்கு இடமில்லை.

இதில்தான் சுவாரசியம். அந்தக் கையெழுத்துகளில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்காகவும் சேர்த்துப் போட்டதும் ஒன்று. இந்தியர்களை யாரும் கேட்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த உரிமை பல காலம் சும்மாவே கிடந்தது. 2007-ல்தான் முதல் இந்திய ஆய்வுக் குழு அங்கே போனது. 2008 ஜூலை 1 அன்று நி-ஆலெசுண்ட் என்ற ஊரில் 'ஹிமாத்ரி' நிலையம் திறக்கப்பட்டது. 2014-ல் அங்குள்ள காங்ஸ் ஃபியோர்டு கடலுக்கடியில் இந்தியா வைத்த ஆய்வுக் கருவித் தொகுதியை உருவாக்கியதில் சென்னை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. வட துருவப் பனி உருகுவதற்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பைத் தேடுவது இந்த ஆய்வுகளின் நோக்கங்களில் ஒன்று. மழையை நம்பி ஏர் பிடிக்கும் திருத்தணி விவசாயிக்கும் அது தேவைதானே?

நி-ஆலெசுண்டும் ஒரு காலத்தில் சுரங்க ஊர்தான். 1962 நவம்பரில் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தார்கள். மறு வருடம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு இரும்புக் கம்பம் நிற்கிறது. 1926 மே மாதம் அமுண்ட்சென் குழுவினர் 'நோர்கே' ஆகாயக் கப்பலைக் கட்டி வைத்திருந்த கம்பம். இங்கிருந்து கிளம்பி வட துருவத்தைக் கடந்து அலாஸ்கா போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது கோடைக்காலத்தில் உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. வால்ரஸ்கள் கரையில் படுத்துக் கிடப்பதையும், ஸ்மீரென்பர்கில் மிச்சமிருக்கும் பழைய அடுப்புத் தடங்களையும் பார்க்கத்தான் கூட்டம். 1946-க்கு முந்தைய எதையும் அங்கே தொடக்கூடாது, துருப்பிடித்த ஆணியாக இருந்தாலும் சரி. 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கு அனுமதி இல்லை. பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.