வட்டப்பாத்தியா, சொட்டுநீரா?

கணபதி, பீளமேட்டுப் பட்டறைகளில் உருவான மோட்டார் பம்புகள் வந்த பிறகுதான் கொங்கு நாட்டில் மாடு கட்டிக் கவலை இறைப்பது நின்றது. கிணறும் கீழே போய்க்கொண்டே இருந்தது. மழை மறைவுப் பகுதியான கோவைக்கு ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். இதை நம்பித் தென்னை வைத்தவர்கள் இன்று ஆயிரம் அடி போர் தண்ணீரை எண்ணி எண்ணி விடுகிறார்கள்.

சொட்டுநீர் போட்டால் மரத்துக்குப் பாதித் தண்ணீர் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கு அப்படி இல்லை. பிப்ரவரி முதல் மே வரை மரத்துக்குச் சொட்டுநீரில் தினம் 65 லிட்டர், வட்டப்பாத்தியில் ஆறு நாளைக்கு ஒருமுறை 410 லிட்டர் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 410ஐ ஆறால் வகுத்தால் 68. மரம் குடிப்பது ஏறக்குறைய ஒன்றுதான். மிச்சமாவது வாய்க்கால் குடிக்கும் தண்ணீர்: பாத்தியில் மரத்துக்கு 135 முதல் 165 லிட்டர் சேர்த்து விட்டால்தான் கணக்கு சரியாகும்.

உரத்தில்தான் இரண்டும் நிஜமாகவே பிரிகின்றன. காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. பாத்தியில் இதை ஆனி, மார்கழி வாக்கில் இரண்டாகப் பிரித்து வைக்கிறோம். வைத்த கையோடு மடை திறந்தால் யூரியாவின் தழைச்சத்தில் ஒரு பங்கு வேருக்குக் கீழே இறங்கிவிடும். சொட்டுநீரில் மாதாமாதம் கொஞ்சமாகக் கரைத்து விடுவதால் முக்கால் பங்கு உரமே போதும். உர விலை ஏறும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக வருகிறது. சொட்டுவானைக் கழற்றிப் பாருங்கள், வாயில் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். அந்தத் தண்ணீரில் மணிச்சத்து உரத்தைக் கலந்தால் சுண்ணாம்போடு சேர்ந்து கெட்டியாகிக் குழாயையே அடைத்துவிடும். தண்ணீர் நல்லதாக இல்லாத தோட்டத்தில் மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாக மண்ணில்தான் போட வேண்டும்.

அதனால் சொட்டுநீர் போட்டவுடன் பாத்தியை மூடிவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மரத்தைச் சுற்றி ஆறடி வட்டம் அப்படியே இருக்கட்டும். 50 கிலோ தொழுவுரமும் சூப்பர் பாஸ்பேட்டும் அதில் விழட்டும். யூரியாவும் பொட்டாஷும் குழாயில் போகட்டும். மழை பொய்த்த வருஷத்தில் நனைந்த வட்டத்தின் ஓரத்தில் உப்புப் பூக்கும். அதைக் கழுவி இறக்க, பாத்தி நிறைய ஒரு தண்ணீர் கட்டவும் அந்த இடம் வேண்டும்.