எடையா, குடலா, மாத்திரையா? பருமன் அறுவை சிகிச்சைக்குப் பின் மைக்ரேன் குறைவது ஏன்

பருமனுக்காக இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பலருக்கு மைக்ரேன் தணிகிறது. இதை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் டேல் பாண்ட் குழுவினர் நடத்தி 2011-இல் ‘நியூராலஜி’ இதழில் வெளியிட்ட ஆய்வுதான் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் நோயாளிகள் 24 பேர், பெரும்பாலும் பெண்கள்; சராசரி பி.எம்.ஐ. 46.6. அறுவைக்கு முன் சராசரியாக 11.1 ஆக இருந்த தலைவலி நாட்கள் பின்னர் 6.7 ஆகக் குறைந்தன. மிதமானது முதல் கடுமையானது வரை முடக்கம் இருந்தவர்கள் 12 பேரிலிருந்து 3 பேராயினர். இந்த எண்களைப் பார்த்ததும் ‘எடை குறைந்தால் மைக்ரேன் குறையும்’ என்று சொல்லிவிடத் தோன்றும். மருத்துவக் கருத்தரங்குகளிலும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. நிவாரணம் உண்மைதான், ஆனால் கொழுப்பு கரைந்ததுதான் அதற்குக் காரணம் என்பதற்கான சான்று மிக மெலிந்தது. மைக்ரேனைக் காரணமாக வைத்து ஒருவரை அறுவை மேசைக்கு அனுப்பும் அளவுக்கு அதில் வலு இல்லை என்பதே என் வாதம்.

முதலில் அளவிட்ட முறையையே பார்க்கலாம். பாண்ட் குழுவினர் மைக்ரேன் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தது குமட்டல், வெளிச்சத்தால் வரும் கூச்சம், அன்றாட வேலையில் தடை ஆகிய மூன்றைப் பற்றிய குறுவினாப் பட்டியலைக் கொண்டு. நரம்பியல் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து விசாரிப்பதற்கு அது ஈடாகாது. எண்ணப்பட்டவையும் ‘தலைவலி நாட்கள்’தான், ‘மைக்ரேன் நாட்கள்’ அல்ல. 11.1 என்ற சராசரிக்குத் திட்ட விலக்கம் 10.3, அதாவது சிலருக்கு அவ்வப்போது வந்துபோன வலி, சிலருக்கு அடிக்கடி வந்த துன்பம், இரண்டும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிட்டன. கடும் பருமன் உள்ளவர்களுக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது சகஜம், அதனால் காலையில் தலைவலியோடு எழுவதும் சகஜம். எடை குறைந்து மூச்சுத் தடை விலகினால் அந்த வலியும் விலகும். அது நல்லதே, ஆனால் அதை மைக்ரேன் கணக்கில் எழுதக்கூடாது.

இதைவிட முக்கியமான குழப்பம் மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடும் நோய். பருமனான இளம்பெண்களைத் தாக்கும் இந்நோயின் தலைவலி பல சமயம் மைக்ரேனைப் போலவே இருக்கும். பார்வை நரம்பு வீங்காத நிலையில் பிரித்தறிவது கடினம். இங்கே எடைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு கல்லில் பொறித்ததைப் போல் தெளிவானது. பர்மிங்காம் பல்கலைக்கழகக் குழு 66 பெண்களைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்ட குலுக்கல் முறைச் சோதனையில், எடைக்குறைப்பு வகுப்புகளுக்குச் சென்றவர்களைவிட அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தண்டுவட நீரின் அழுத்தம் 12 மாதத்தில் 6 சென்டிமீட்டரும், 24 மாதத்தில் 8.2 சென்டிமீட்டரும் கூடுதலாகக் குறைந்திருந்தது. மைக்ரேன் என்று பெயரிடப்பட்ட நோயாளிகளுக்குள் இந்த நோயாளிகள் சிலர் கலந்திருந்தாலே ஒரு சிறிய ஆய்வின் சராசரி நகர்ந்துவிடும்.

அறுவைக்குப் பின் எடை மட்டும் மாறுவதில்லை. இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் இபுப்ரொஃபேன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தொடக்கூடாது என்பார்கள். குடலை இணைத்த இடத்தில் புண் வரும். சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு அதிகமாக விழுங்குபவருக்கு மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்பது நரம்பியலில் பழைய பாடம். அப்படிப்பட்டவரின் கையிலிருந்து மாத்திரையைப் பறித்த அறுவை, எடை ஒரு கிலோ குறையாவிட்டாலும் தலைவலியைக் குறைத்திருக்கும். இந்த ஒரு காரணியைக் கணக்கில் எடுக்காத எந்த முன்-பின் ஒப்பீட்டையும் நான் முழுமையாக ஏற்கத் தயங்குவேன்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதிக எடை இழந்தவர்களுக்கே தலைவலி நாட்கள் பாதிக்கு மேல் குறையும் வாய்ப்பு கூடியது என்று பாண்டின் ஆய்வே சொல்கிறதே! அளவுக்கேற்ற விளைவு காரணத் தொடர்பின் அடையாளம் அல்லவா? ஆம், அடையாளம்தான். ஆனால் 24 பேரில் கண்ட உறவு எண்ணிக்கை பெருகியபோது நிற்கவில்லை. 2020-இல் டி வின்சென்சோ குழுவினர் 10 ஆய்வுகளின் 473 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எவ்வளவு எடை குறைந்தது என்பதற்கும் மைக்ரேன் எவ்வளவு தணிந்தது என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. அறுவையும் உணவு, உடற்பயிற்சி முறைகளும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. ஆய்வுகளின் சராசரிகளை ஒப்பிட்டு எடுத்த முடிவு தனிமனிதருக்கு அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் கட்டுப்பாட்டுக் குழுவுள்ள சோதனை வேண்டும். அப்படி ஒன்று 2018-இல் வந்தது, அதையும் பாண்ட் குழுவினரே செய்தார்கள். மைக்ரேனும் பருமனும் உள்ள 110 பெண்களில் ஒரு பாதிக்கு எடைக்குறைப்புப் பயிற்சி, மறுபாதிக்கு மைக்ரேனைப் பற்றிய பாடம் மட்டும். 16 வாரம் கழித்து முதல் குழுவினர் 3.8 கிலோ குறைந்திருந்தனர், இரண்டாம் குழுவினர் 0.9 கிலோ கூடியிருந்தனர். நான்கு வாரக் கணக்கில் மைக்ரேன் நாட்கள் முதல் குழுவில் 3 குறைந்தன. எடை கூடிய குழுவில் 4! தங்கள் முந்தைய முடிவையே உரசிப் பார்த்த இந்த நேர்மை பாராட்டுக்குரியது.

3.8 கிலோ எங்கே, அறுவையில் இழக்கும் முப்பது நாற்பது கிலோ எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னொன்றும் சொல்லலாம்: அந்தப் பெண்கள் தலைவலிக்காக வந்தவர்கள், வலி உச்சத்தில் இருக்கும்போது வந்து தானாகவே சராசரிக்குத் திரும்பியிருப்பார்கள், அறுவைக்கு வருபவர்களோ எடைக்காக வருகிறார்கள். ஆகவே அறுவைக்கென்று ஏதோ ஒரு தனிப் பலன் இருக்கக்கூடும் என்பதை நான் தள்ளிவிடவில்லை. அந்தப் பலனைக் கொழுப்பில் தேடுவதைவிடக் குடலில் தேடுவது பொருத்தம் என்கிறேன். அறுவைக்குப் பின் உணவு வேகமாகச் சிறுகுடலை எட்டுகிறது, ஜி.எல்.பி-1 ஹார்மோன் பலமடங்கு சுரக்கிறது. அதே ஹார்மோனைப் போலச் செயல்படும் எக்சனடைட் மருந்தைப் போட்ட இரண்டரை மணி நேரத்துக்குள்ளேயே மண்டையோட்டு அழுத்தம் குறைந்ததை 2023-இல் 15 பெண்களிடம் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எடை குறைய வாய்ப்பே இல்லை. 2025-இல் நேப்பிள்ஸ் மருத்துவர்கள் பருமனும் மைக்ரேனும் உள்ள 31 பேருக்கு அதே வகை மருந்தான லிராகுளுடைட் கொடுத்தார்கள். மாதத் தலைவலி நாட்கள் சுமார் 20-லிருந்து 11 ஆயின, பி.எம்.ஐ. ஏறக்குறைய அசையவில்லை. போலி மருந்தோடு ஒப்பிடாத சிறு ஆய்வுதான். பாண்டின் 24 பேரை ஐயுற்ற நான் இந்த 31 பேரையும் ஐயுறத்தான் வேண்டும். ஆனால் எக்சனடைட், லிராகுளுடைட் ஆய்வுகள் இரண்டும் சுட்டும் திசை ஒன்றே.

எடைக்கும் மைக்ரேனுக்கும் உள்ள உறவு நேர்கோடும் அல்ல. 2017-இல் ஏறத்தாழ 2.9 லட்சம் பேரின் தரவைத் தொகுத்த ஆய்வில் பருமனானவர்களுக்கு மைக்ரேன் அபாயம் 27 விழுக்காடு கூடுதல். இயல்பைவிட எடை குறைவாக உள்ளவர்களுக்கும் 13 விழுக்காடு கூடுதல்.

2022-இன் சர்வதேசப் பரிந்துரைப்படி பி.எம்.ஐ. 35-க்கு மேல் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை செய்யலாம், ஆசியர்களுக்கு 27.5 முதலே பரிசீலிக்கலாம். எடைக்காகவோ சர்க்கரைக்காகவோ தகுதி பெற்றவருக்கு மைக்ரேனும் தணிந்தால் அது உபரி லாபம். தகுதி எல்லையில் நிற்பவரை ‘தலைவலியும் போய்விடும்’ என்று சொல்லி உள்ளே இழுப்பதுதான் தவறு. அறுவை எதிர்த்திசையிலும் செல்லக்கூடும்: தண்டுவட நீர் கசிந்து அழுத்தம் தானாகக் குறைந்துபோன 338 நோயாளிகளில் 11 பேர், அதாவது 3.3 விழுக்காட்டினர், முன்பு பருமன் அறுவை செய்துகொண்டவர்கள் என்று 2014-இல் ஷீவிங்க் குழுவினர் எழுதினர். ஒப்பீட்டுக் குழுவில் அது 0.8 விழுக்காடுதான். எழுந்து நின்றால் கூடி, படுத்தால் தணியும் அந்தத் தலைவலி சிலருக்கு அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்தே வந்தது. பழைய மைக்ரேன்தான் திரும்பியது என்று விட்டுவிட்டால் கசிவு தெரியாமலே போகும்.