தன்பாலினத் திருமணம்: முடிவு செய்ய வேண்டியது யார்?

தன்பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்கலாமா என்பது ஒரு கேள்வி. அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்பது வேறு கேள்வி. நிகாஹ் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஒப்பந்தம் என்பது மார்க்கத்தின் நிலை. முதல் கேள்விக்கு நம் பதில் அதிலேயே இருக்கிறது. இரண்டாவது கேள்வியோ சிறுபான்மையினரான நம்மையும் நேரடியாகத் தொடுகிறது.

நீதிமன்றம்

அமெரிக்காவில் 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் இத்திருமணத்தை நாடு முழுவதும் செல்லுபடியாக்கியது. அடிப்படை உரிமையை ஓட்டுக்கு விட முடியாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மக்கள் விவாதித்து முடிவு செய்ய வேண்டியதை நீதிபதிகள் பறித்துக்கொண்டனர் என்றார் மாறுபட்ட தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ்.

வாக்காளர்

அயர்லாந்தில் அரசியலமைப்பைத் திருத்த மக்கள் வாக்கெடுப்பு கட்டாயம். 2015 மே 22 அன்று சுமார் 62 சதவீதத்தினர் ஆதரித்தனர். கலிஃபோர்னியாவிலோ, மாநில நீதிமன்றம் அனுமதித்ததை 2008 நவம்பரில் வாக்காளர்கள் தடை செய்தனர்.

சட்டமன்றம்

தைவானில் 2017-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது. 2018 வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் சிவில் சட்டத்தை மாற்றுவதை எதிர்த்தனர். 2019 மே 17 அன்று நாடாளுமன்றம் சிவில் சட்டத்தைத் தொடாமல் தனிச் சட்டம் இயற்றியது.

இந்தியா

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் செய்வது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்று ஒருமனதாகக் கூறியது. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தையும் அது மாற்றவில்லை; அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஜமியத் உலமாயே ஹிந்த் இம்மனுக்களை எதிர்த்த தரப்புகளில் ஒன்று. தனியார் சட்டங்களுக்குள் நீதிமன்றம் செல்லவில்லை. நமது அரசியலமைப்பில் மக்கள் வாக்கெடுப்புக்கு வழியில்லை.

நமக்கு இதில் என்ன?

"பெரும்பான்மை மக்கள் முடிவு செய்யட்டும்" என்று சொல்வது எளிது. 2009 நவம்பர் 29 அன்று சுவிட்சர்லாந்து வாக்காளர்களில் 57.5 சதவீதத்தினர் புதிய மினாராக்கள் கட்டத் தடை விதித்தனர். அதே வாக்குப்பெட்டிதான் 2021-இல் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தது.

நீதிமன்றமும் நாடாளுமன்றமும் எப்போதும் நம் பக்கம் நின்றதில்லை. முத்தலாக்கை 2017-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2019-இல் நாடாளுமன்றம் அதை மூன்றாண்டு வரை சிறை தரும் குற்றமாக்கியது.

ஆகவே, பிடித்த முடிவு வரும்போது ஒரு மன்றத்தைப் புகழ்வதும், பிடிக்காதபோது அதற்கு அதிகாரமே இல்லை என்பதும் சரியான அளவுகோல் ஆகாது. இன்று வேறொரு சிறு கூட்டத்தாரின் விஷயத்தில் நாம் ஏற்கும் நடைமுறை, நாளை நம் பள்ளிவாசலுக்கும் குடும்பச் சட்டத்துக்கும் பொருந்தும். அப்போதும் அதை ஏற்போமா என்று யோசித்த பிறகே கருத்துச் சொல்வது நல்லது.