எங்கட ஊரை எழுதின புத்தகம் யாருக்குத் திறக்கும்?

முள்ளியவளையைப் பற்றி ஆங்கிலத்தில் பழைய நூல் ஏதும் இருக்கா எண்டு தேடுபவர்களுக்குக் கட்டாயம் கிடைப்பது 1895இல் கொழும்பில் அச்சான வன்னி மாவட்டங்களின் கைநூல். எழுதியவர் ஜே. பி. லூயிஸ், பிரிட்டிஷ் சிவில் சேவைக்காரர். குளங்கள், வயல், குடிசனம், வழக்கங்கள், வன்னியர் வரலாறு எல்லாத்தையும் ஒரு நிர்வாகியின் கண்ணால் எழுதி வைத்தார். லூயிஸ் 1923இல் இறந்துவிட்டார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் இறந்து 70 வருசத்துக்குத்தான். ஆகவே அந்தப் புத்தகம் இப்ப எல்லாருக்கும் பொது. போனிலேயே இறக்கி வாசிக்கலாம்.

2009க்குப் பிறகு எங்கட ஊர்களைப் பற்றி வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்ததைத் தேடிப் பாருங்கோ. சுருக்கம் மட்டும் தெரியும். மிச்சத்துக்கு ஒரு கட்டுரைக்கே 30, 40 டொலர் கேட்கும். கொலனித்துவ அதிகாரி இலவசம், எங்கட அம்மம்மாவிடம் தேத்தண்ணி குடிச்சுக் கதை கேட்டுப்போன ஆய்வாளருக்குக் காசு.

இந்த நிலைமையை மாற்றத்தான் திறந்த அணுக்கம் என்ற இயக்கம் வந்தது. 2002 பெப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம், 2003இல் பெர்லின் பிரகடனம். அடிப்படை நியாயம் எளிமையானது: பொதுப்பணத்தில் செய்த ஆராய்ச்சியைப் பொதுமக்கள் திரும்பக் காசு கொடுத்து வாசிக்கக் கூடாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2008இல் இதை விதியாக்கின, ஆனால் 12 மாதம் வரை பூட்டி வைக்கலாம் என்றன. அந்த 12 மாதத்தை எடுத்துவிட 2025 ஜூலை வரை போனது. ஐரோப்பிய நிதியாளர்கள் 2018இல் பிளான் எஸ் என்று அறிவித்தார்கள். எங்கட நாட்டிலும் 2008இல் இருந்து இலங்கை ஆய்விதழ்களை இணையத்தில் இலவசமாக வைக்கும் தளம் இருக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்துவது. இதைப் பாவிக்காத மாணவர்கள் இன்னும் கனபேர், அது வேற கதை.

விதி வந்தால் விதிவிலக்கும் வரும். எனக்கு வரலாற்றைவிடச் சுவாரசியம் அந்த வாலில்தான்.

இந்த விதிகளில் பெரும்பாலானவை ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு எழுதப்பட்டவை. புத்தகம் வெளியில நிற்கும். பிரிட்டனின் அரச ஆராய்ச்சி நிதி அமைப்பு 2024 ஜனவரி 1இல் இருந்து புத்தகத்தையும் உள்ளே கொண்டுவந்தது, அதுவும் வெளிவந்து 12 மாதத்துக்குள் திறந்தால் போதும் என்று. அதோட விலக்குகள்: அந்தத் திகதிக்கு முன் ஒப்பந்தம் எழுதினது சேராது, பொது வாசகருக்கான வணிக நூல் சேராது, படங்களுக்கும் மேற்கோள்களுக்கும் உரிமையாளர் அனுமதி தராட்டில் சேராது. கடைசியாக ஒன்று: பிஎச்டி மாணவர்களுக்கான பயிற்சி நிதியில் இருந்து பிறந்த புத்தகம் சேராது.

இந்தக் கடைசியைக் கொஞ்சம் நிண்டு பார்க்கவேணும். வன்னிக்கு வந்து மாதக்கணக்காகத் தங்கிக் களஆய்வு செய்யிறவை யார்? பேராசிரியர்மார் இல்லை, அவைக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. பிஎச்டி மாணவர்கள்தான். அவர்களின் ஆய்வேடுதான் பிறகு புத்தகமாக வருது. அப்ப எங்கட ஊரைப் பற்றிய புத்தகம் விதிக்குள் வராமல் நேரே விலக்குக்குள்ளேயே போய் விழும். யாரும் வன்மத்தோடு செய்ததில்லை. ஆனால் விளைவு அதுதான்.

ஆய்வேடு திறந்திருக்கும், புத்தகம் மூடியிருக்கும் என்பதில் வேறு சிக்கலும் உண்டு. கா. இந்திரபாலா 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடு இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களைப் பற்றியது. தமிழர் நிலையான பெருங்குடியேற்றம் பிந்தின காலத்தது என்பது அதன் வாதம். நாற்பது வருசத்துக்குப் பிறகு, 2005இல், இலங்கைத் தமிழர் ஓர் இனக்குழுவாக உருவான வரலாற்றை அவரே புதிதாக எழுதினார். இடையில் கிடைத்த தொல்லியல் சான்றுகளை வைத்துப் பழைய பார்வையைப் பெரிதும் மாற்றிக்கொண்டார். தன் முடிவைத் தானே திருத்துகிற துணிவு எங்கட புலமை உலகத்தில் அரிது. ஆனால் 1965 ஆய்வேடு இணையத்தில் முழுசாகக் கிடைக்கிறது, 2005 நூல் கடையில் விலைக்கு விற்கப்பட்ட நூல். இணையச் சண்டைகளில் எதை வெட்டி ஒட்டுவினம் எண்டு சொல்லத் தேவையில்லை.

சட்டம் முழுக்க எங்களுக்கு எதிரானதும் இல்லை. எங்கட சட்டத்தின் 11ஆம் பிரிவு கற்பித்தல், ஆராய்ச்சி, விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது, வகுப்புக்குப் பல பிரதி எடுப்பது உட்பட. டெல்லிப் பல்கலைக்கழகப் போட்டோக்கொப்பிக் கடை மேல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போன்ற பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டு 2016இல் தோற்றதும் இப்படியான ஒரு பிரிவால்தான்.

அதுக்காக எல்லா விலக்கையும் தூக்கி எறியச் சொல்லேல்லை. பொஸ்டன் கல்லூரி 2001இல் இருந்து வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகளிடம் வாய்மொழி வரலாறு பதிந்தது. நீங்கள் சாகும்வரை வெளியில விடமாட்டம் என்பது வாக்கு. 2011இல் பிரிட்டன் பொலிசுக்காக அமெரிக்க நீதிமன்ற அழைப்பாணை வந்தது. ஒலிநாடாக்கள் சில கைமாறின. 2014இல் ஜெரி அடம்ஸ் கைதாகி, குற்றச்சாட்டு இல்லாமல் விடப்பட்டார். வாக்குக் கொடுத்த பல்கலைக்கழகத்தால் அதைக் காப்பாற்ற முடியேல்லை.

இதை வாசிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அயர்லாந்து இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் சொன்னதில் பெயர், திகதி, கடைசியாகக் கண்ட இடம் மூன்றும் இருந்தால், பெயரை மட்டும் மாற்றி என்ன பயன்? முள்ளியவளை மாதிரி ஊரில் எந்த வீடு எண்டு ஒரு நிமிசத்தில் கண்டுபிடிச்சிடலாம். அப்படியான பதிவு மூடித்தான் இருக்கவேணும். ஐரோப்பிய ஒன்றியம்கூடத் தரவு விசயத்தில் இயன்றவரை திறந்து, தேவையான அளவு மூடு என்றுதான் சொல்கிறது.

என் கோபம், பதிப்பகத்தின் கல்லாப்பெட்டிக்கான விலக்கும் அந்தத் தாய்க்கான விலக்கும் ஒரே பட்டியலில், ஒரே சொல்லால் எழுதப்படுவதில்தான். முதலாவதைத் தளர்த்தப் பல்கலைக்கழகங்கள் பேரம் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றிப் பேசுகிற மேசைக்கு அந்தத் தாயை யாரும் கூப்பிடுவதில்லை.

2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு இலங்கை பற்றிய அறிக்கையைக் கொடுத்தபோது, தனக்குக் கிடைத்த சாட்சியங்கள் கடும் இரகசியமாக 20 ஆண்டுகளுக்குப் பாதுகாக்கப்படும் என்ற ஏற்பாட்டையும் செய்தது. அறிக்கை எல்லாருக்கும் திறந்தது, சாட்சியம் மூடினது. அந்த 20 ஆண்டு 2031இல் முடியும். சாட்சி சொன்னவர்களில் கனபேர் அப்பவும் இங்கேயேதான் இருப்பினம்.