தோளில் பட்ட ஊசியும் நஷ்டஈட்டின் வரலாறும்

மும்பையில் குடியேறி வாழும் நம்மவர்க்குப் பரேல் என்பது புதிய பெயரன்று. மாதுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் தெற்கு நோக்கிப் பிழைப்பை நாடிச் சென்ற பல தலைமுறையினர் அதனைக் கடந்தே சென்றிருப்பர். அங்கே, பழைய கவர்னர் மாளிகையில், ஹாஃப்கின் நிறுவனம் என்னும் ஆராய்ச்சிக்கூடம் அமைந்துள்ளது. பிளேக் நோய்க்குத் தடுப்பு மருந்து கண்ட வால்டெமார் ஹாஃப்கின் என்பாரின் பெயரை அக்கூடம் 1925-ஆம் ஆண்டில் பெற்றது. அப்பெயர் அதன் வாயிலில் ஏறுவதற்கு முன்னர் அம்மனிதர் பட்ட துன்பம் சிறிதன்று. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இரணஜன்னி கண்டு மாண்டனர். மருந்து காய்ச்சிய கூடத்தின் மீதும் அதன் தலைவர் மீதும் பழி விழுந்தது. ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடிய பிறகே, 1907-இல், அவர் குற்றமற்றவர் என்பது நிலைநாட்டப்பட்டது. ஊரில் புட்டியைத் திறந்தபோது, தரையில் விழுந்த இடுக்கியைச் சரிவரக் கிருமி நீக்காமல் எடுத்துப் பயன்படுத்தியதே காரணமாக இருந்திருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

பிழை மருந்தில் உள்ளதா, மருந்தைச் செலுத்திய கையில் உள்ளதா? இவ்வினா முல்கோவாலோடு முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தோள்வலியால் துன்புற்றோர் கேட்ட நஷ்டஈட்டை ஒட்டி அதே வினா மீண்டும் எழுந்தது. அந்த வரலாற்றையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

ஊர் நன்மைக்காக ஒருவன் தன் உடலை நீட்டுகிறான்; அதனால் அவனுக்கே கேடு விளைந்தால் பொறுப்பவர் யார்? 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அம்மை குத்திக்கொள்ள மறுத்த ஒருவருக்கு விதித்த 5 டாலர் அபராதம் செல்லும் என்று தீர்த்தது. கட்டாயப்படுத்தும் உரிமை அரசுக்கு உண்டு என்பது அதனால் உறுதியாயிற்று. ஆயினும் அந்த உரிமையோடு வரும் கடமை யாது என்பதை முதலில் ஆராய்ந்தது வேறொரு நாடு. பொதுநலனுக்காகத் தன் உரிமையைத் தியாகம் செய்ய நேர்ந்தவனுக்கு அரசு ஈடு செய்ய வேண்டும் என்பது பிரஷ்ய நாட்டின் 1794-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொறித்த பழைய கொள்கை. அதனையே ஆதாரமாகக் கொண்டு 1953-இல் மேற்கு ஜெர்மனியின் உயர் நீதிமன்றம், அம்மை குத்தியதால் ஊறுபட்டவர்க்கு ஈடு உண்டு என்றது; 1961-இல் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. பிரான்சு 1964-லும், ஜப்பான் 1970-லும் அவ்வழியில் சென்றன. பிரிட்டன் 1979-இல் கடுமையான ஊனமுற்றோர்க்கு 10,000 பவுன் வழங்கச் சட்டம் செய்தது.

அமெரிக்காவோ நீதிமன்ற வழக்கையே நம்பியிருந்தது. 1955 ஏப்ரல் 12 அன்று, ஜோனாஸ் சால்க் கண்ட இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி பயன் தருவது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவிக்கப்பட்டபோது, அந்நாட்டில் கோயில் மணிகள் ஒலித்தன. ஆனால் அதே மாதத்திலேயே, கலிபோர்னியாவைச் சேர்ந்த கட்டர் நிறுவனம் காய்ச்சிய மருந்தின் சில பகுதிகளில் உயிருள்ள கிருமி எஞ்சியிருந்தது கண்டறியப்பட்டது. 40,000 குழந்தைகளுக்கு நோய் இலேசாகக் கண்டது. ஏறத்தாழ 200 பேர் கைகால் முடங்கினர். 10 பேர் இறந்தனர். 1958-இல் ஒரு சிறுமியின் சார்பில் நடந்த வழக்கில், நிறுவனம் அசட்டையாக நடந்துகொள்ளவில்லை என்று ஜூரிகள் கூறினர். எனினும் விற்ற பொருள் தீங்கற்றது என்னும் உள்ளுறை உறுதி பிழைத்துப்போனதால் நஷ்டஈடு கொடுக்கத்தான் வேண்டும் என்றும் அவர்களே முடிவு செய்தனர். குற்றமில்லாத இடத்திலும் பொறுப்பு உண்டு என்ற இத்தீர்ப்பு, துன்புற்றோர்க்கு ஒரு கதவைத் திறந்தது. மருந்து காய்ச்சுவோர்க்கு அச்சத்தையும் ஊட்டியது.

அந்த அச்சம் முற்றியது கக்குவான், தொண்டையடைப்பான், இரணஜன்னி ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியின் காலத்தில். அவ்வூசி குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று 1982-இல் தொலைக்காட்சியில் ஒரு படம் வெளியாக, வழக்குகள் குவிந்தன. 1982-இல் சுமார் 11 செண்டு விலையுள்ள ஒரு வேளை மருந்து 1986-இல் 11 டாலருக்கு மேல் ஏறியது. அதில் 8 டாலர் வழக்குகளுக்கென ஒதுக்கிய தொகை. நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிலை விட்டு விலகவே, 1984-இன் இறுதியில் மருந்துக்குத் தட்டுப்பாடே வந்துற்றது. அந்நாளைய குற்றச்சாட்டுகளிற் பல பின்னாளில் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, அவர்களுள் 11 பேரிடம் பிறவியிலேயே அமைந்த மரபணுக் கோளாறு இருந்ததை 2006-இல் வெளியிட்டனர்.

இந்நெருக்கடியின் விளைவே 1986 நவம்பர் 14 அன்று ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்ட குழந்தைத் தடுப்பூசி ஊறு பற்றிய தேசியச் சட்டம். 1988 அக்டோபரில் அது வழங்கிய திட்டம் செயற்படத் தொடங்கியது. அதன் அமைப்பு எளிது. ஒவ்வொரு தடுப்பூசியின் மீதும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 செண்டு வீதம் வரி விதித்து ஒரு நிதி திரட்டப்படுகிறது. ஊறுபட்டவர் மருந்து நிறுவனத்தின் மீதோ ஊசி போட்டவர் மீதோ நேரே வழக்குத் தொடராமல், முதலில் இத்திட்டத்தின்கீழ் மனுச் செய்தல் வேண்டும். வாஷிங்டனில் உள்ள கூட்டரசுக் கோரிக்கை நீதிமன்றத்தைச் சேர்ந்த தனி நடுவர்கள் அதனை விசாரிப்பர். ஜூரிகள் இல்லை; யார் குற்றவாளி என்ற ஆராய்ச்சியும் இல்லை. எந்தத் தடுப்பூசிக்குப்பின் எத்தனை காலத்துக்குள் எந்த ஊறு தோன்றினால் அது ஊசியால் வந்ததெனக் கொள்ளலாம் என்று ஓர் அட்டவணை வகுத்துள்ளனர். அதற்குள் அடங்கினால் காரணத்தை நிரூபிக்கும் சுமை மனுதாரர்க்கு இல்லை; அடங்காவிட்டால் அச்சுமை முழுவதும் அவர் தலைமேல். வேதனைக்கும் மனத்துயருக்கும் தரும் ஈட்டின் உச்சவரம்பு 2,50,000 டாலர். விலைவாசி பன்மடங்கு உயர்ந்த பின்னரும் பல்லாண்டுகள் அவ்வரம்பு அசையாமல் நின்றது. இத்திட்டத்தின் பெருங்குறை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

பெயருக்கேற்ப இச்சட்டம் குழந்தைகளை எண்ணியே எழுதப்பட்டது. 2005-இல் ஆண்டுதோறும் போடும் இன்ஃபுளுயன்சாக் காய்ச்சல் ஊசியும் இதற்குள் சேர்க்கப்படவே, நிலைமை மாறியது. அவ்வூசியை ஆண்டுக்காண்டு போட்டுக்கொள்வோர் கோடிக்கணக்கான பெரியவர்கள். மருந்துக்கடையிலும், அலுவலகத்திலும், வரிசையில் நின்றபடியே சட்டைக் கழுத்தைச் சற்று இழுத்துத் தோளைக் காட்டுவோரும் அவர்களுள் உண்டு. தோளின் மேற்புறம் உள்ள முக்கோணத் தசையின் நடுவில், எலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, ஊசி இறங்க வேண்டும். சட்டையைக் கழற்றாமல் கழுத்துப்புறமாக விலக்கும்போது கண்ணுக்குப் படுவது தசையின் மேல்விளிம்பே. அங்கே குத்தினால், தசைக்குக் கீழே மூட்டு உராயாமல் காக்கும் மெல்லிய நீர்ப்பைக்குள் மருந்து சென்றுவிடக்கூடும். நோயை எதிர்க்க உடலைத் தூண்டுவதே மருந்தின் வேலையாதலால், அப்பைக்குள் அது அழற்சியை எழுப்புகிறது. கை தலைக்கு மேல் எழாது. தலை சீவவும் முதுகுப்புறம் கை வளைக்கவும் இயலாது. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. சிலருக்கு மூட்டே இறுகிவிடுகிறது. ஊசி போட்ட இடத்தில் ஓரிரு நாள் இருக்கும் சாதாரண நோவு வேறு. மாதக்கணக்கில் நீளும் இது வேறு. போடப்படும் ஊசிகளின் எண்ணிக்கையை நோக்க, இது மிக அரிதாகவே நேர்வது. ஆனால் நேர்ந்தவர்க்கு அது வலக்கையானால் பிழைப்பே தடைப்படுகிறது.

இதனை ஒரு தனி ஊறாக இனங்கண்ட விதம் சுவையானது. நஷ்டஈட்டு மனுக்களைப் படிக்கும் அரசாங்க மருத்துவர்கள், ஒரே மாதிரியான கதை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, 13 மனுதாரர்களின் குறிப்புகளை ஒன்றுசேர்த்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு ஒரு நாளுக்குள் வலி தொடங்கியிருந்தது. பலர் ஊசி மிக மேலே இறங்கியதாகச் சொல்லியிருந்தனர். மனுவை எதிர்க்க வேண்டிய தரப்பின் மருத்துவர்களே மனுதாரர்களின் நோவுக்குப் பெயர் சூட்டினர் என்பது கவனிக்கத்தக்கது. 2012-இல் அந்நாட்டின் மருத்துவக் கழகமும், ஊசி குத்துவதால் தோளின் நீர்ப்பை அழற்சி விளைவதற்குத் தக்க சான்று உண்டு என்று ஒப்பியது. 2017 மார்ச்சு 21 முதல் தோள் ஊறு அட்டவணையில் இடம்பெற்றது. அதன்பின் மனுக்கள் பெருகி, சில ஆண்டுகளில் மொத்தத்தில் பாதிக்கு மேல் தோள் பற்றியவையாகவே ஆயின.

பெருகியதைக் கண்ட அரசாங்கம் 2020 ஜூலையில் பின்வாங்க முயன்றது. இவ்வூறு மருந்தால் வந்ததன்று, ஊசியைத் தவறாகக் குத்தியதால் வந்தது. தடுப்பூசியின் ஊறுகளுக்கென ஏற்பட்ட நிதியை இதற்குச் செலவிடுதல் கூடாது என்பது அதன் வாதம். முல்கோவாலின் இடுக்கி நினைவுக்கு வருகிறதல்லவா? அட்டவணையிலிருந்து நீக்கினால், துன்புற்றவர் காரணத்தைத் தாமே நிரூபித்தாக வேண்டும். இல்லையேல் செவிலியர் மீதோ கடைக்காரர் மீதோ வழக்காட வேண்டும். ஊசி போடுவோர் அஞ்சிப் பின்வாங்கினால் பொதுச் சுகாதாரத்துக்கே கேடு. தவிரவும், ஊசியின்றி உடலில் ஏறாத மருந்தை ஊசியினின்றும் பிரித்து வழக்காடுவது, நெல்லினின்றும் உமியைப் பிரிப்பது போல் எளிதன்று. வெறும் தண்ணீரைக் குத்தினால் இதே அழற்சி எழுமா என்று கேட்டால், வாதத்தின் வலு குறைந்துவிடுகிறது. 2021 ஜனவரியில் நீக்க விதி வெளியாயிற்று. அதற்குள் ஆட்சி மாறியது. ஏப்ரலில், நடைமுறைக்கு வருமுன்னரே, அவ்விதி இரத்தாயிற்று.

இனி, ஒரு தோள் வழக்கு எவ்வாறு தீர்கிறது என்பதைப் பார்ப்போம். முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்தாக வேண்டும். ஊறு ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும்; இல்லையேல் மருத்துவமனையில் தங்கி அறுவைச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். அட்டவணைப்படி, அந்தத் தோளில் முன்பு நோவு இருந்திருக்கலாகாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் அத்தோளோடு நின்றிருக்க வேண்டும். வேறு நோயால் அதனை விளக்க முடியாதிருக்க வேண்டும்.

இவற்றுள் பூசல் மிகுவது 48 மணி நேரத்தைப் பற்றியே. ஊசி போட்டால் கை நோவது இயல்புதானே என்று எண்ணி, நாளை தீரும், அடுத்த வாரம் தீரும் என்று மனிதர்கள் பொறுத்திருக்கின்றனர். மருத்துவரை நாடும்போது இரண்டு மூன்று மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அவரோ “சில வாரங்களாகத் தோள்வலி” என்று ஒரு வரி எழுதிவிடுகிறார். பின்னர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வரியைப் பிடித்துக்கொள்கிறார். குடும்பத்தாரும் உடன் பணி செய்வோரும் பிரமாண வாக்குமூலம் தர, ஊசி போட்ட நாளிரவு அனுப்பிய குறுஞ்செய்திகூடச் சான்றாக வைக்கப்படுகிறது. காலந்தாழ்த்தியது ஒன்றையே கொண்டு மனுவைத் தள்ளுதல் தகாது என்று நடுவர்கள் பல தீர்ப்புகளில் கூறியிருப்பது நியாயமே.

மனுவில் எதிர்த்தரப்பு சுகாதாரத் துறைச் செயலாளர். அவருக்காக நீதித் துறையின் வழக்கறிஞர்கள் வாதாடுவர். ஊறு அட்டவணைக்குப் பொருந்துகிறது என்று அவர்கள் ஒப்பினால், தொகை ஒன்றே பாக்கி. கைப்பட்ட மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், வேதனைக்கான ஈடு என்னும் மூன்றையும் கூட்டி அரசாங்கம் ஒரு தொகையை முன்வைக்கும். ஒப்பாவிட்டால், வழக்கு நீள்வதில் இரு தரப்புக்கும் உள்ள இடர்களை எண்ணிப் பேரம் தொடங்கும். வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் தொகையில் பங்கு கேட்க இயலாது. நல்லெண்ணத்தோடும் தக்க ஆதாரத்தோடும் தொடுத்த வழக்கானால், தோற்றாலும் அவர் ஊதியத்தை நிதியே தருகிறது. எளியோரும் வழக்காட வழிசெய்த இவ்வேற்பாட்டைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

திட்டத்தின்கீழ் வழங்கிய ஈடுகளுள் ஏறத்தாழ 60 விழுக்காடு இவ்வாறு பேசித் தீர்த்தவையே. அந்த உடன்படிக்கைகளின் வாசகம் விந்தையானது. ஊசியால் இந்த ஊறு வந்தது என்பதை எதிர்த்தரப்பு மறுக்கிறது என்று ஒரு பத்தி சொல்லும். இருப்பினும் இன்ன தொகை வழங்க இருவரும் இசைகின்றனர் என்று அடுத்த பத்தி சொல்லும். தனி நடுவர் அதனை ஏற்று முடிவு எழுத, நீதிமன்றம் தீர்ப்பைப் பதிவு செய்கிறது. தீர்ப்பை ஏற்றுத் தொகையைப் பெறுவதா, துறந்து வேறு வழக்குக்குப் போவதா என்று எழுத்தில் தெரிவிக்க மனுதாரருக்குச் சட்டம் தரும் தவணை 90 நாட்கள்.