பெரியம்மாவின் வானொலிப் பட்டியல்: இணைய வானொலிகளைக் கணினியில் சேமித்து வைப்பது எப்படி?

யுத்த காலத்தில் வன்னியில் வானொலி கேட்பதற்கு உடல் உழைப்புத் தேவைப்பட்டது. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். டைனமோவில் இருந்து வரும் மின்சாரத்தில்தான் செய்தி கேட்கும். எங்கள் வீட்டில் சுற்றுவது நான். காதைக் கொடுத்துக் கேட்பது பெரியம்மா. பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் அப்படித்தான் எங்கள் முற்றத்துக்கு வந்தன.

2009 இல் பெரியம்மாவின் மகன் காணாமலாக்கப்பட்டார். அதன் பிறகு அவ செய்தி கேட்கும் விதமே மாறிவிட்டது. காணாமலாக்கப்பட்டோர் பற்றி எங்காவது ஒரு சொல் வருமா என்றுதான் கேட்பா. 2017 ஏப்ரல் 30 உடன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. அலைவரிசை முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு றேடியோவைத் துணியால் மூடி வைத்துவிட்டா.

வெளிநாட்டில் இருக்கும் மகள் ஒரு பழைய லப்டொப்பை அனுப்பினா. நான் அதில் சில இணைய வானொலிகளைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து அது பழுதானது. திருத்தக் கொடுத்த இடத்தில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். எல்லாம் அழிந்துபோனது. “தம்பி, உதுக்குள்ள இருந்த லண்டன் எங்க?” என்று பெரியம்மா கேட்டா. என்னிடம் பதில் இல்லை. நிலையங்களின் முகவரிகளை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டாம் முறை செய்தபோது கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறேன்.

எந்தப் பிளேயர்?

நான் பயன்படுத்துவது விஎல்சி. பிரான்ஸில் 1996 இல் மாணவர்களின் திட்டமாக ஆரம்பித்து, 2001 இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. இலவசம், விளம்பரம் இல்லை, பழைய கணினியிலும் ஓடும். உலாவியில் வானொலியின் இணையத்தளத்தைத் திறந்தால் படங்களும் விளம்பரங்களும் சேர்ந்து டேட்டாவைத் தின்னும். பிளேயரில் ஒலி மட்டுமே வரும்.

முகவரியைக் கண்டுபிடித்தல்

இணையத்தளத்தின் முகவரி வேறு, ஒலி வரும் முகவரி வேறு. பிளேயருக்குத் தேவை இரண்டாவது. சில நிலையங்கள் அதைத் தங்கள் தளத்திலேயே கொடுக்கின்றன. இல்லாவிட்டால் ‘ரேடியோ பிரவுசர்’ என்ற பொதுப் பட்டியலில் தேடலாம். பயனர்களே சேர்த்துத் திருத்தும் பட்டியல் அது. மொழியை வைத்தும் நாட்டை வைத்தும் தேட முடியும்.

முகவரியைப் பிரதி எடுத்துக்கொண்டு, விஎல்சியில் கன்ட்ரோல், என் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஒட்டி, பிளே கொடுங்கள். பாடினால் முகவரி சரி.

சேமித்தல்

நான் முதலில் விட்ட பிழை இங்கேதான். விஎல்சியை மூடினால், அதுவரை சேர்த்த பட்டியல் வழமையாகப் போய்விடும். எல்லா நிலையங்களையும் சேர்த்த பின் கன்ட்ரோல், வை அழுத்தி, பட்டியலை ஒரு கோப்பாகச் சேமியுங்கள். வகையைக் கேட்கும்போது ‘எம்3யூ8’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அதில் தமிழ் எழுத்துகள் உடையாமல் இருக்கும்.

அந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புத்தான். நோட்பேடில் திறந்தால் நிலையத்தின் பெயர் ஒரு வரியிலும் முகவரி அடுத்த வரியிலும் இருக்கும். பெயர் வரியில் காற்புள்ளிக்குப் பிறகு இருப்பதை அழித்து நீங்கள் விரும்பிய பெயரை எழுதலாம். வரிச் சோடிகளை மேலே கீழே மாற்றினால் நிலையங்களின் ஒழுங்கும் மாறும். முகவரி வரியை மட்டும் தொடாதீர்கள்.

ஒழுங்குபடுத்தல்

முதலில் முப்பது நிலையங்களை ஒரே பட்டியலில் போட்டுக் கொடுத்தேன். பெரியம்மா குழம்பிப்போனா. இப்போது டெஸ்க்டொப்பில் மூன்று கோப்புகள்: ‘செய்தி’, ‘பழைய பாட்டு’, ‘கோயில்’. ஒவ்வொன்றிலும் ஐந்துக்கு மேல் இல்லை. இரண்டு தரம் கிளிக் செய்தால் முதலாவது நிலையம் பாடத் தொடங்கும்.

புலம்பெயர் வானொலிகளின் பெயருடன் எங்கள் நேரத்தையும் எழுதினேன். ரொறன்ரோவில் இரவு 8 மணி என்றால் எங்களுக்கு மறுநாள் காலை 6.30, அங்கே கோடைகாலத்தில் 5.30. லண்டனில் மாலை 6 மணி எங்களுக்கு இரவு 11.30, கோடையில் 10.30. இந்த ஒரு மணித்தியால வித்தியாசம் தெரியாமல் பெரியம்மா பல நிகழ்ச்சிகளைத் தவறவிட்டிருக்கிறா.

டேட்டா கணக்கு

விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒலிபரப்பும் நிலையத்தை ஒரு மணித்தியாலம் கேட்டால் ஏறத்தாழ 58 எம்பி செலவாகும். 64 என்றால் 29 எம்பி, 32 என்றால் 15 எம்பிக்குள். பேச்சு நிகழ்ச்சிக்கு 32 போதும். ஒரே நிலையம் இரண்டு வேகங்களில் கிடைத்தால் குறைந்ததைச் சேருங்கள். ரீலோட் காசை எண்ணிப் போடும் வீடுகளில் இது சின்ன விடயமல்ல.

பிரதி வைத்தல்

அந்தக் கோப்பின் அளவு சில கிலோபைட்தான். ஒரு பென்டிரைவில் போடுங்கள். மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கைத்தொலைபேசியில் விஎல்சி இருந்தால் அங்கும் அதே கோப்பைத் திறக்கலாம். நிலையங்கள் முகவரியை மாற்றுவதும் உண்டு, ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பாடாததின் புதிய முகவரியைத் தேடி அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும்.

இடம்பெயர்ந்தபோது எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் ஓடியவர்கள் நாங்கள். படங்கள், கடிதங்கள், கசெற்றுகள் எல்லாம் விட்ட இடத்திலேயே போயின. ஒன்றுக்கு இரண்டு பிரதி வைக்கும் பழக்கம் எங்களுக்கு மற்றவர்களை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். என்னிடமே அது இருக்கவில்லை.

போன கிழமை போனபோது லப்டொப்புக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி இருந்தது. நிலையங்களின் பெயரையும் நேரத்தையும் பெரியம்மா தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தா. “உன்ர மிசின் திரும்பவும் அழிஞ்சா, எதைத் தேட வேணும் எண்டாவது தெரியோணும் எல்லே” என்றா.

அதுதான் மூன்றாவது பிரதி.