தாழ்சுருதி ஒலியின் பகை: ஒலிபெருக்கி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வீட்டிலுள்ள ஸ்டீரியோக் கருவியிற் பாட்டுக் கேட்போர் பலர் கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு. குரல் தெளிவாக ஒலிக்கின்றது; வயலினும் குறைவின்றிக் கேட்கின்றது; ஆயின் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஒலி மட்டும் எங்கோ அமிழ்ந்து போகின்றது. 'பேஸ்' என்று நாம் வழக்கிற் சுட்டும் தாழ்சுருதி ஒலி மெலிந்து கிடக்கின்றது என்பதே அம்முறைப்பாடு. விரியலாக்கியின் வலுக்குறைவே இதற்குக் காரணமெனக் கொண்டு, பெருந்தொகை செலவிட்டு வேறொன்றை வாங்குவோரும் உளர். ஒலிபெருக்கியின் வரலாற்றை நோக்குமிடத்து இம்முடிபு பெரும்பாலும் பிழையானதென்பது புலனாகும். தாழ்சுருதி ஒலி வலுவின்மையாற் குன்றுவதிலும், தன்னைத் தானே அழித்துக்கொள்வதனாற் குன்றுவதே அதிகம். அவ்வழிவைத் தடுக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளே ஒலிபெருக்கி வரலாற்றின் பெரும்பகுதி எனலாம். கலைப்பீட மாணவர் பௌதிகத்துட் புகுவது ஏனென வினவுவோர் இருக்கலாம். நீராவி எந்திரத்தைத் தொடாது கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதவியலுமா என்பதே அவர்க்கு யாம் கூறத்தக்க விடை.

இன்று நாம் காணும் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு வழிவகுத்தோர் ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த செஸ்டர் றைஸ், எட்வேர்ட் கெலொக் என்னும் இருவராவர். காந்தப் புலத்தினுள் அசையும் சுருள் என்ற எண்ணம் அவர்களுக்கு முந்தியது. ஜேர்மனியரான வேர்னர் சீமன்ஸ் 1874 இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் வானொலியின் தொடக்க காலத்தில் வீடுகளிற் பெரிதும் வழங்கியது கொம்பு பொருத்திய ஒலிபெருக்கியே. பேச்சுக்கு அது போதுமானது. தாழ்சுருதிக்கோ அக்கொம்பின் வாய் மிகச் சிறிது. 1925 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் றைஸும் கெலொக்கும் கொம்பை நீக்கி, சுருளால் இயங்கும் சிறு கூம்பு ஒன்றே காற்றை நேரடியாக அசைக்கும் அமைப்பை விளக்கினர். ஆனால் அக்கூம்பைத் தனியே தொங்கவிட்டு இயக்கினால் தாழ்சுருதி எழாது. தட்டையான பலகையொன்றில் வட்டத் துளையிட்டு அதிற் பொருத்தினாலே எழும்.

இதன் காரணம் எளிது. கூம்பு முன்னோக்கி அசையும்போது முன்னாலுள்ள காற்று நெருக்கப்படுகின்றது. அதே கணத்திற் பின்னாலுள்ள காற்று ஐதாகின்றது. ஆகவே முன்புறத்து அலையும் பின்புறத்து அலையும் எதிர் அவத்தையில் உள்ளன. வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 344 மீற்றர். 5000 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒலியின் அலைநீளம் 7 சென்ரிமீற்றர் அளவினதே. அது பெரும்பாலும் முன்னோக்கியே செல்லும். 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 7 மீற்றர். அதற்குக் கூம்பு ஒரு தடையே அன்று. பின்புறத்து அலை விளிம்பைச் சுற்றி வந்து முன்புறத்து அலையோடு கலக்க, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. கூம்பு அசைந்துகொண்டேயிருக்கும், ஒலி இராது. இவ்விரு அலைகளையும் பிரித்து வைப்பதே பலகையின் பணி. மிகத் தாழ்ந்த ஒலிக்குப் பல மீற்றர் அகலமுள்ள பலகை வேண்டும் என்பதுதான் இடர்ப்பாடு. பின்புறம் திறந்த பழைய வானொலிப் பெட்டிகள் இப்பலகையை மடித்துச் செய்த வடிவங்களே. அவற்றில் ஆழ்ந்த ஒலி குறைந்தமை வியப்பன்று.

பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அல்பேட் துராஸ் பகையையே துணையாக்க முயன்றார். பெட்டியை மூடி அதில் ஒரு துவாரம் வைத்தால், வெறும் போத்தலின் வாயில் ஊதும்போது எழுவது போன்ற பரிவு உண்டாகும். அப்பரிவு மீடிறனருகே பின்புறத்து அலையின் அவத்தை திருப்பப்பட்டு, துவாரத்தினூடே வெளிவந்து முன்புறத்து அலைக்கு வலுவூட்டும். 1930 இல் விண்ணப்பித்து 1932 இல் அவர் பெற்ற காப்புரிமை இதுவே. ஆயினும் பரிவு மீடிறனுக்குக் கீழே துவாரத்து ஒலி மீண்டும் எதிர் அவத்தைக்குச் செல்ல, பழைய பகை தலைதூக்கும். பெட்டியின் கனவளவும் துவாரத்தின் அளவும் கூம்புக்கு இயையாவிடின் வெறும் முழக்கமே மிஞ்சும். இவற்றைக் கணித்துத் துணியும் முறையை அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961 இல் வெளியிட்டார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த றிச்சர்ட் ஸ்மோல் 1972, 1973 ஆம் ஆண்டுகளில் அதனை விரித்தார். துராஸின் எண்ணம் முறையான கணிதத்தைப் பெற முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றமை நோக்கத்தக்கது.

எட்கார் வில்ச்சூர் வேறொரு வழி சென்றார். ஹென்றி க்ளொஸுடன் இணைந்து மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் நிறுவிய அக்கூஸ்ரிக் றிசேர்ச் 1954 இல் ஏஆர்-1 என்னும் ஒலிபெருக்கியை வெளிப்படுத்தியது. பெட்டி முற்றாக மூடப்பட்டது; கூம்பு மிக இளக்கமாகத் தொங்கவிடப்பட்டது; உள்ளே அடைபட்ட காற்றே அதனை மீட்டிழுக்கும் வில்லாயிற்று. பின்புறத்து அலை பெட்டிக்குள்ளேயே சிறைப்பட்டது. புத்தக அலுமாரியில் வைக்கத்தக்க பெட்டியில் ஆழ்ந்த ஒலி எழுந்தமை அக்காலத்திற் பெரும் புதுமை. இதற்குரிய விலையும் இருந்தது: அதே உரப்புக்குக் கூடிய மின்வலு வேண்டியதாயிற்று. சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, உயர்ந்த வினைத்திறன் ஆகிய மூன்றையும் ஒருங்கே பெறமுடியாது என்பது ஹொஃப்மனின் இரும்பு விதி என்ற பெயரால் வழங்குகின்றது. ஆகவே வலுமிக்க விரியலாக்கியை நாடுவோர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. அது இவ்வகைப் பெட்டிகளை உரத்து ஒலிக்கச் செய்வதோடு அமையும்.

1958 இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் சந்தையிற் பரவியபோது ஒன்றாயிருந்த ஒலிபெருக்கி இரண்டாயிற்று. இதன் அடிப்படைகளை ஆங்கிலேயரான அலன் புளூம்லைன் 1931 இலேயே காப்புரிமை விண்ணப்பத்தில் வகுத்திருந்தார். சிறிய பெட்டிகளுக்கு வரவேற்பு மிகுந்ததற்கு இவ்விரட்டிப்பும் ஒரு காரணமெனக் கொள்ளலாம். ஆனால் கூம்பின் முன்னும் பின்னும் நிகழ்ந்த போர் இப்போது இரு பெட்டிகளுக்கிடையே தொடங்கியது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரு கம்பிகள். ஒரு பெட்டியில் மட்டும் அவை இடம்மாறின், ஒரு கூம்பு முன்செல்லும்போது மற்றையது பின்செல்லும். உயர்சுருதியில் இது அத்துணை புலப்படாது. 2 மீற்றர் இடைவெளியுள்ள இரு பெட்டிகள் 7 மீற்றர் அலைநீளத்துக்கு அருகருகே உள்ளனவே. எனவே தாழ்சுருதி ஒலி அழிந்துபோகும். இசைத்தட்டிலே இடப்பக்கத்துத் தாழ்சுருதியும் வலப்பக்கத்ததும் எதிர் அவத்தையில் இருந்தால் ஊசி மேலுங் கீழும் துள்ளும். ஆதலால், தட்டை வெட்டுவோர் ஆழ்ந்த ஒலியை இரு பக்கத்துக்கும் பொதுவாகவே பதிப்பது வழக்கம். ஊசியைக் காக்கச் செய்த இவ்வேற்பாடு, கம்பி மாறிய வீட்டில் அழிவை முழுமையாக்குகின்றது.

இதனைக் கண்டறியப் பணம் வேண்டியதில்லை. இரு பெட்டிகளையும் அருகருகே வைத்து, ஒரே ஒலியை இரண்டிலும் ஒலிக்கவிட்டு, விரியலாக்கியை நிறுத்தியபின் ஒரு பெட்டியின் கம்பிகளை மட்டும் மாற்றிப் பொருத்தி மீண்டும் கேட்க வேண்டும். ஆழ்ந்த ஒலி மிகுந்தும் பாடகரின் குரல் நடுவில் நின்றும் கேட்கும் நிலையே சரியானது. பெட்டிக்குள்ளேயே இணைப்பு மாறியிருக்கலாமென ஐயுறின், கம்பிகளைக் கழற்றி 1.5 வோல்ற்று மின்கலத்தைக் கணப்பொழுது தொடுவித்தால் கூம்பு எத்திசையில் அசைகின்றதெனக் கண்ணாற் காணலாம். நேர்முனையை நேர்முடிவிடத்துக்குத் தொடுத்தாற் கூம்பு வெளிநோக்கி அசைவது பொது வழக்கு; இதற்கு மாறான பழைய அமெரிக்கப் பெட்டிகளும் உள. இரண்டும் ஒருதிசையில் அசைதலே வேண்டப்படுவது.

அறையும் இப்போரில் ஒரு களமே. 4 மீற்றர் நீளமான அறையில், நீளவாக்கில் 43 ஹேர்ட்ஸில் நிலையலை எழும். சுவரருகே அதன் அமுக்கம் மிகும். நடுவில் ஏறத்தாழ இல்லையாகும். நடு அறையிற் கதிரையிட்டு அமர்ந்தவர் பேஸ் இல்லையென்பார். சுவரிற் சாய்ந்து நிற்பவர் மிகுதி என்பார். இருவர் கூற்றும் மெய்யே. ஒலிபெருக்கி பின்சுவரிலிருந்து 1 மீற்றர் தூரத்தில் நின்றால், சுவரிற் பட்டு மீளும் அலை 86 ஹேர்ட்ஸருகே நேரடி அலையை அழிக்கும். முன்னர் வில்ச்சூரின் நிறுவனத்திற் பணியாற்றிய றோய் அலிசன் 1974 இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய சுவர் விளைவுகளை ஆராய்ந்தது. தரையிலிருந்தும் இரு சுவர்களிலிருந்தும் சம தூரத்தில் ஒலிபெருக்கியை வைத்தலே மிகத் தீயது என அதனால் அறிகின்றோம். மூலையோரத்தில் வைத்தல் ஆழ்ந்த ஒலியைப் பெருக்கும். 1946 இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய போல் கிளிப்ஷ் மூலையையே கொம்பின் நீட்சியாகப் பயன்கொண்டார்.

அழிவின்றியே ஒலி மெலியும் இடங்களும் உள. தாழ்ந்த உரப்பிற் கேட்கும்போது தாழ்சுருதிக்கு நம் செவியின் உணர்வு பெரிதும் குன்றுமென்பதை ஃபிளெச்சரும் மன்சனும் 1933 இல் அளந்து காட்டினர். இசைத்தட்டில் ஆழ்ந்த ஒலி வேண்டுமென்றே குறைத்துப் பதிக்கப்படுகின்றது. 1954 இல் வகுக்கப்பட்ட பொது நியமத்தின்படி விரியலாக்கியின் இசைத்தட்டு வாயில் அதனை மீட்டளிக்கும். வேறு வாயிலிற் பொருத்தின் சத்தற்ற ஒலியே வரும்.

பழைய பெட்டி வைத்திருப்போர் இவற்றுக்கெல்லாம் முன்னர் முகப்புத் துணியை அகற்றிக் கூம்பின் விளிம்பைப் பார்த்தல் நன்று. 1970 களிலிருந்து பல ஒலிபெருக்கிகளின் விளிம்பு பொலியூரத்தேன் நுரையாற் செய்யப்பட்டது. பதினைந்து இருபது ஆண்டுகளில், எமது நாட்டினது போன்ற ஈரப்பதனில் அதற்கும் முன்னரே, அது பொடிந்து உதிரும். மூடிய பெட்டியிலும் அக்கிழிசலினூடே காற்று முன்னும் பின்னும் ஓட, 1925 இற் பலகையிட்டுப் பிரித்த இரு அலைகளும் மீண்டும் சந்திக்கின்றன. புதிய விளிம்பை ஒட்டுவித்தாற் போதும்; கூம்பையோ காந்தத்தையோ மாற்ற வேண்டியதில்லை.